பத்தொன்பது அடி நாலு அங்குலம்

சர்ச் ஹாலுக்குள் எல்லோரும் பான்கேக்கின் மேல் மேப்பிள் பாகை ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், வெண்டல் க்ரூகர் வெளியே கார்கள் நிற்கும் இடத்தில் நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தார். வயது எழுபத்திரண்டு. இரண்டு முழங்காலும் ஏற்கெனவே அவரோடு தகராறில் இருந்தன. ஆர்டிஸ் நோவாக்கின் ஓல்ட்ஸ்மொபீல் வண்டியின் பின் பம்பரில் அளவு டேப்பின் கொக்கியை மாட்டிவிட்டு முன் பம்பரை நோக்கி இழுத்துக்கொண்டு போனார். போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். கதவு வந்தது, இன்னொரு கதவு வந்தது, முன் சக்கரம் வந்தது, அதற்கப்புறமும் வண்டி முடிந்தபாடில்லை. கடைசியில் பம்பர் வந்து சேர்ந்தபோது டேப்பில் பத்தொன்பது அடி நாலு அங்குலம். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரம் அளந்தார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர் வீட்டுக் கார் ஷெட்டை அளக்க வேண்டியதே இல்லை. உள்ளே பதினெட்டு அடி இரண்டு அங்குலம். போர் முடிந்த கையோடு கட்டிய வீடு. அந்தக் காலத்துக் காருக்கு அளவெடுத்துக் கட்டிய ஷெட். அதில் அவருடைய ஹட்சன் கச்சிதமாக நிற்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி அது. அவரும் அந்த வருஷம்தான் பிறந்தார்.

எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். ஆர்டிஸ் அவருக்காக ஒரு தட்டு நிறைய எடுத்து வைத்திருந்தாள். "எங்க போயிட்ட? ஆறிப்போச்சு பாரு" என்றாள். "சும்மா, காத்து வாங்க" என்றார் வெண்டல். இன்னும் கொஞ்ச நாளில் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற பெண்ணிடம் சொன்ன முதல் பொய் அதுதான். சின்னப் பொய்தானே என்று பான்கேக்கோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

இரண்டு பேரும் துணையை இழந்தவர்கள். கோடைக்கால வியாழக்கிழமைகளில் ஐஸ்கிரீம் கடை வாசலில் பழைய வண்டிக்காரர்கள் கூடுவார்கள். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்காருவதுதான் வழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, வெண்டலின் ஹட்சனுக்குப் பக்கத்தில் கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. எழுபத்தைந்தாம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபீல். இறங்கியது ஒரு குள்ளமான பெண். நாற்காலியைப் போட்டாள், பின்னல் வேலையை எடுத்தாள். இவர் வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உன்னுதும் அநாதையா?" என்றாள். கம்பெனி மூடிப்போன வண்டிகளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஹட்சன் ஐம்பதுகளிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. ஓல்ட்ஸ்மொபீல் போனது நேற்று மாதிரி இருக்கிறது. "என்னுது பழைய அநாதை, உன்னுது புது அநாதை" என்றார் வெண்டல். அவள் சிரித்தாள். அங்கே ஆரம்பித்ததுதான் எல்லாம்.

இப்போது ஆர்டிஸ் தன் வீட்டை விற்றுவிட்டு இவர் வீட்டுக்கு வரப்போகிறாள். இவருக்கு இருப்பதோ ஒற்றை ஷெட். மிஷிகனில் பழைய வண்டி பனிக்காலத்தில் வெளியே நிற்கக் கூடாது. ரோட்டில் பனியை உருக்க உப்புத் தூவுகிற லாரி ஒரு தரம் போய்விட்டால் முடிந்தது. ஏப்ரலில் நாலு நல்ல மழை பெய்து ரோட்டைக் கழுவும் வரைக்கும் எவனும் பழைய வண்டியின் சக்கரத்தை நகர்த்த மாட்டான். உப்பு இரும்பைத் தின்றுவிடும். ஆக, இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம். மற்றது வெண்டலின் மச்சான் டெல்மருடைய பண்ணைக் கொட்டகைக்குப் போயாக வேண்டும். கொட்டகையில் எலி. எலிக்கு மெத்தை என்றால் கல்யாண விருந்து.

"எங்க ஷெட்ல உன் வண்டி நுழையாது ஆர்டிஸ்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் தீர்ந்தது. மனிதருக்கு வாய் வரவில்லை. வராத வாய் வேறு ஒன்றைச் சொல்லிவைத்தது. சீசனின் கடைசி வியாழக்கிழமை, ஐஸ்கிரீம் கடை வாசலில், பெரிய நியாயஸ்தர் மாதிரி பேசினார்: "ஒரு நாள் முழுக்க ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டுவோம். எது ஒசத்தின்னு ரெண்டு பேரும் ஒத்துக்கறோமோ அது ஷெட்ல. இன்னொண்ணு டெல்மர்கிட்ட."

ஆர்டிஸ் பின்னல் ஊசியை நிறுத்தி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி. நியாயமாத்தான் இருக்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

நவம்பர் முதல் சனிக்கிழமை. நல்ல வெயில், காதைக் கடிக்கிற குளிர். காலையில் ஹட்சன். ஓட்டுவது ஆர்டிஸ். மற்ற வண்டிகளில் ஏறவேண்டும், ஹட்சனில் இறங்கவேண்டும். வண்டியின் இரும்புச் சட்டத்துக்குக் கீழே தாழ்த்திப் போட்ட தரை. வாசற்படியைத் தாண்டி ஒரு சின்ன அறைக்குள் காலை வைப்பது போல இருக்கும். உட்கார்ந்தால் இடுப்புயரத்துக்கு இரும்பு. நடுவில் பிரிந்த கண்ணாடி வழியாக நீளமான மூக்கும் அதற்கப்பால் கொஞ்சம் உலகமும் தெரியும். ஆர்டிஸ் ஸ்டீயரிங் பக்கத்துக் கம்பியை இழுத்து முதல் கியரில் போட்டாள். வெண்டல் பல்லைக் கடித்துக்கொண்டார். அந்த வண்டியை அவர் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. செத்துப்போன மனைவி ஜோயன்கூடக் கேட்டுப்பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். ஆர்டிஸ் க்ளட்சிலிருந்து காலை எடுத்தாள். வண்டி துளிகூடத் துள்ளாமல் கிளம்பியது.

"அடேயப்பா! என்னய்யா க்ளட்ச் இது, வெண்ணெய் மாதிரி!"

"எண்ணெய்ல முங்கிக்கிட்டே ஓடும். உள்ள கார்க்கு வெச்சிருக்கான்."

"கார்க்கா? பாட்டில் மூடற கார்க்கா?"

"அதேதான். பிரேக்கும் ரெண்டு. எண்ணெய் பிரேக் செத்துட்டா, பெடலை இன்னும் கொஞ்சம் அமுக்கினா கம்பி பிரேக் பிடிக்கும். ஒண்ணு கைவிட்டா இன்னொண்ணு இருக்கணும்னு யோசிச்சிருக்கான் பாரு."

சொல்லிக்கொண்டே போனார். யாரும் கேட்காமலே சொல்கிற ஆள், கேட்டால் விடுவாரா? ஆறு சிலிண்டர் எஞ்சின் அவசரமே இல்லாமல் முனகியது. ஆற்றங்கரை ரோட்டின் வளைவுகளில் ஆர்டிஸ் வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டி ஒரு பக்கம்கூடச் சாயாமல் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. ஒவ்வொரு வளைவுக்கும் அவள் "ம்ம்" என்றாள். ருசியான பண்டத்தை மென்றுகொண்டே சொல்கிற "ம்ம்" அது. வெண்டலுக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே அந்த அளவு டேப்பும் ஞாபகத்துக்கு வந்தது.

ஆப்பிள் சாறு பிழிகிற ஆலையில் நிறுத்தி, சூடான டோனட்டும் சாறும் வாங்கிக்கொண்டு வந்து வண்டியிலேயே உட்கார்ந்தார்கள். ஆர்டிஸ் கையைத் துடைத்துவிட்டு இருக்கையின் ஓரத்தை இரண்டு விரலால் தடவினாள். லான்சிங்கில் கார் ஆலையின் தையல் பிரிவில் முப்பது வருஷம் இருக்கை தைத்த கை.

"இது பழைய தையல்தான? நீ மாத்தலையே?"

"கை வெக்கலை. அப்படியே இருக்கு."

"இந்த மூலையைப் பாரு வெண்டல். இங்க திரும்பறப்போ மெஷினை நிறுத்தி, கையால சக்கரத்தைச் சுத்தித் தெச்சிருக்கா. மூணே மூணு தையல். யாரும் பாக்கப்போறதில்ல, இருந்தாலும் தெச்சிருக்கா. மகராசி." அந்த மூலையை இன்னொரு தரம் தடவினாள். "நாங்கள்லாம் இவ்ளோ நிதானமா தெச்சதே இல்ல. எங்களுக்கு நேரம் கிடையாது. லைன் ஓடிக்கிட்டே இருக்கும்."

ஐம்பது வருஷமாக அந்த வண்டியைத் துடைக்கிறவருக்கு அந்த மூன்று தையல் கண்ணில் பட்டதே இல்லை. இந்தப் பெண்ணை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடக் கூடாது என்று வெண்டலுக்கு அப்போது தோன்றியது. உண்மையைச் சொல்லவும் அதுதான் நல்ல நேரம். டோனட்டைக் கடித்துக்கொண்டு அதையும் கடத்திவிட்டார்.

மத்தியானம் ஆர்டிஸ் வீட்டுக்குப் போய் ஹட்சனை அங்கே விட்டுவிட்டு ஓல்ட்ஸ்மொபீலை எடுத்தார்கள். இப்போது ஓட்டுவது வெண்டல். இந்த இரண்டு வருஷத்தில் அந்த வண்டியை "உன் சோபா" என்றுதான் கேலி செய்திருக்கிறார். ஓட்டியதில்லை. கதவைச் சாத்தினார். வெளியுலகத்தின் சத்தம் கத்தரித்ததுபோல் நின்றது. வெல்வெட்டில் தலையணை தலையணையாகத் தைத்த இருக்கை. முதுகை வைத்ததும் அது ஒரு பெருமூச்சு விட்டு அவரை வாங்கிக்கொண்டது. முழங்கால் தகராறு நின்றது. ஸ்டீயரிங்கை ஒரு விரலால் திருப்பலாம். ஆக்ஸிலேட்டரைக் காலால் தொட்டதும் முன்னால் எங்கேயோ தூரத்தில் எட்டு சிலிண்டரும் சம்மதம் சொல்ல, அந்தப் பெரிய உடம்பு அலட்டிக்கொள்ளாமல் நகர்ந்தது. ரயில்வே தண்டவாளத்தைத் தாண்டியபோது வெண்டல் பழக்கத்தில் உடம்பை இறுக்கினார். ஒன்றுமே நடக்கவில்லை.

"தண்டவாளம் போயிடுச்சா?"

"அப்பவே போயிடுச்சு" என்றாள் ஆர்டிஸ். "என்ன, சோபா எப்படி?"

வயல்களெல்லாம் சோளம் அறுத்து வெறுமையாகக் கிடந்தன. ஹட்சன் ரோட்டை மதிக்கிற வண்டி. ஒவ்வொரு கல்லையும் உன்னிடம் சொல்லும், ஆனால் பயப்படாதே என்றும் சொல்லும். போருக்குப் போய்த் திரும்பியவர்கள் செய்தது. பத்திரம்தான் அவர்களுக்குப் பெரிசு. இதுவோ ரோடு என்று ஒன்று இருப்பதையே கண்டுகொள்ளாத வண்டி. நாள் முழுக்க லைனில் நின்று இடுப்பு விட்டுப்போனவர்கள், வாரக் கடைசியில் ஒரு மனுஷன் எப்படி உட்காரவேண்டும் என்று கனவு கண்டு செய்தது. அதை ஆடம்பரம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். இல்லை. இதுவும் கருணைதான். வேறு மாதிரிக் கருணை.

"நான் முட்டாள் ஆர்டிஸ்" என்றார். "இது ராஜாத்தி."

"இந்த சீட்டு நான் தெச்சதா, பக்கத்து மெஷின் ஜெரால்டின் தெச்சதான்னு தெரியாது. ஆனா எங்க வரிசையில தெச்சதுதான். நான் தெச்ச வண்டியில உட்கார எனக்கு இருபது வருஷம் ஆச்சு. ஒரு டாக்டர் செத்துப்போய், அவர் வீட்டுல வித்தாங்க."

அவர் வீடு வந்தது. ஷெட் கதவு திறந்தே கிடந்தது. வாசலில் நிறுத்தப் போனவரை ஆர்டிஸ் தடுத்தாள். "ரெண்டும் ஓட்டியாச்சு. எங்க, இதை உள்ள விட்டுத்தான் பாரேன். எப்படி இருக்குன்னு பாப்போம்."

வெண்டல் விட்டார். வேறு என்ன செய்வார்? மூக்கு இருட்டுக்குள் போனது. பின்சுவரை நெருங்கியது. சுவருக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது பிரேக்கை மிதித்தார். பின்னாடிக் கண்ணாடியில் பார்த்தார். டிக்கிப் பக்கம் ஒரு அடிக்கு மேல் வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்தார்.

"பத்தொன்பது அடி நாலு அங்குலம்" என்றாள் ஆர்டிஸ், முன்னால் பார்த்தபடி. "அதைத் தெச்ச எனக்குத் தெரியாதா? உன் ஷெட்டை ஜூன் மாசமே காலடியால அளந்துட்டேன். நீ எப்போ வாயைத் திறப்பேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"சொல்லணும்னுதான்..."

"பான்கேக் அன்னிக்கு உன் பேன்ட் முட்டியில மண்ணு. காத்து வாங்கினியாம்!" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "வண்டி எங்க நின்னா எனக்கென்ன வெண்டல்? எலி தின்னா மறுபடியும் தெச்சிட்டுப் போறேன். என் புருஷன் நோவாக்கோட முப்பத்தொரு வருஷம் இருந்தேன். நல்ல மனுஷன்தான். ஆனா எல்லாத்தையும் அவனே முடிவு பண்ணிட்டு, அப்புறம் வந்து, 'நீ என்ன சொல்ற'ன்னு கேப்பான். நானும் எதையாவது சொல்லுவேன். அந்த நாடகத்தை இன்னொரு தரம் ஆட என்னால ஆகாது."

அவர் இறங்கிக்கொண்டார். அவள் நகர்ந்து ஸ்டீயரிங் பக்கம் வந்தாள். "வீடு விக்கற பேப்பர்ல திங்கக்கிழமை பத்து மணிக்குக் கையெழுத்து. போடறதா வேண்டாமான்னு எனக்கே தெரியலை. வந்து உன் வண்டியை எடுத்துக்கோ." கப்பல் பின்னோக்கி நகர்ந்து, தெருவில் திரும்பி, சத்தமே இல்லாமல் போனது.

சாயங்காலம் டெல்மர் அவரை ஆர்டிஸ் வீட்டுக்குக் கூட்டிப்போய் விட்டான். வாசலில் ஹட்சன் நின்றது, சாவி வண்டியிலேயே இருந்தது. ஜன்னல் திரை மூடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெண்டல் சர்ச்சுக்குப் போகவில்லை. ரேடியோவில் இரவு உறைமழை, விழுந்ததுமே ரோட்டில் பனிக்கட்டியாகிவிடும் என்றான். அப்படியென்றால் அந்தி சாய்வதற்குள் உப்பு லாரி கிளம்பிவிடும். அவர் ஹட்சனை வாசலுக்கு நகர்த்திவிட்டு, ஷெட்டின் பின்சுவர் முன்னால் மின்ரம்பத்தோடு நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் டிவி அறை. பழைய வீட்டுக்காரர்கள் கார் நீளமாகிப்போன காலத்தில் இப்படிச் செய்வதுண்டு, மூக்குக்கு மட்டும் சுவரில் ஒரு பொந்து. ராத்திரி படுக்கையில் வந்த யோசனை. இப்போதே வெட்டி, இரும்பு வேலை எல்லாம் முடித்து, அவளைக் கூட்டிவந்து காட்டினால் அசந்துபோய்விடமாட்டாளா? ரம்பத்தை வைத்து அழுத்தப் போனார்.

கை நின்றது. முடிவு பண்ணிட்டு அப்புறம் வந்து கேப்பான். அடப் பாவி, மறுபடியும் அதையேதானே செய்யப் பார்த்தாய் என்று தன்னையே வைதுகொண்டார். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தார்.

"ஆர்டிஸ், ஒரு யோசனை இருக்கு. சுவத்துல பொந்து வெட்டலாமான்னு. நான் இன்னும் ஒண்ணும் வெட்டலை. வெட்டலாமா வேண்டாமான்னு எனக்குத் தெரியலை. நீ வந்து பாக்கறியா?"

"சர்ச் முடிஞ்சதும் வரேன். அதுவரைக்கும் ஒரு ஆணியைக்கூடப் புடுங்காத."

அன்றாடத்துக்கு வைத்திருக்கிற சின்னக் காரில், சர்ச் கோட்டோடு வந்து இறங்கினாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே போய் டிவி அறையைப் பார்த்தாள். சுவரில் முதுகு சாய்த்திருந்த அவருடைய நாற்காலியைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"ஹட்சன் எங்க போகும்?"

"தெரியலை" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வருவது அவருக்கே புதிதாக இருந்தது.

"கையெழுத்துப் போட்டாலும் சாவி குடுக்க முப்பது நாள் இருக்கு. அதுவரைக்கும் என் ஷெட்ல நிக்கட்டுமே."

இங்கே அவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "ராத்திரி உப்பு விழுந்துடும் ஆர்டிஸ். அப்புறம் ஏப்ரல் வரைக்கும் அதை ஓட்டி எடுக்க முடியாது. முப்பது நாள் கழிச்சு என்ன பண்றதுன்னு எனக்கு ஒரு வழியும் தோணலை. அதை இப்பவே சொல்லிடறேன்."

ஆர்டிஸ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மூடின லாரி ஏதாச்சும் புடிப்போம். இல்ல, வீடு வாங்கறவங்க கால்ல விழுவோம். ரெண்டு பேரும் சேர்ந்து விழுவோம்" என்றாள். "நாளைக்கு யோசிக்கலாம்."

"அப்போ கையெழுத்து?"

"முதல்ல மூக்கு உள்ள போகட்டும்."

கைப்பையிலிருந்து தையல்காரிகள் வைத்திருக்கும் சாக்குக்கட்டியை எடுத்து, இடுப்புயரத்தில் நீளமாகக் கோடு போட்டாள். கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு. "ஓரம் விடணும். இல்லாட்டி எந்தத் துணியும் பொருந்தாது." போன் போட்டதும் டெல்மர் இரண்டு பலமான உத்தரக் கட்டைகளோடு வந்து சேர்ந்தான். "மச்சான், மாட்டை வீட்டுக்குள்ள கட்டறவனைப் பாத்திருக்கேன், காரை வீட்டுக்குள்ள விடறவனை இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று சிரித்துச் சிரித்து இருமினான். ஆனால் வேலையில் கில்லாடி. நாலு மணிக்குச் சுவரில் ஏழடி அகலத்துக்கு ஓட்டை விழுந்து, மேலே கட்டையும் உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் ஹட்சனில் இரண்டு பேரும் போனார்கள். அதை அவள் ஷெட்டில் விட்டுச் சாத்தும்போது வெண்டல் அதன் கூரையில் ஒரு தரம் கையை வைத்தார். ஆர்டிஸ் அவசரப்படுத்தவில்லை. ஓல்ட்ஸ்மொபீலில் திரும்பி வரும்போது வானம் ஈயம் மாதிரி இறங்கியிருந்தது. நெடுஞ்சாலை முனையில் மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு உப்பு லாரி நின்றிருந்தது. இன்னும் கிளம்பவில்லை.

வெண்டல் டிவி அறைக்குள் ஓடினார். நாற்காலியை ஓட்டையிலிருந்து ஒரு சாண் தள்ளி இழுத்து வைத்துவிட்டு, அந்தப் பக்கம் நின்று கையசைத்தார். "வா, வா... நேரா வா..." முதலில் வெளிச்சம் வந்தது. அப்புறம் நிக்கல் பூச்சு மினுக்கிக்கொண்டு, அகலமாக, நிதானமாக, அந்த ராஜாத்தி மூக்கு சுவரைத் தாண்டி அறைக்குள் வந்தது.

"போதுமா?" என்று ஆர்டிஸ் கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்.

பின்னால் ஷெட் கதவு சாத்த இன்னும் நாலு விரற்கடை வேண்டியிருந்தது. முன்னால் பம்பருக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு விரல் போகாது. அவர் நாற்காலியை நகர்த்தக் குனிந்தார். அப்புறம் விட்டுவிட்டார்.

"அதை நீதான் சொல்லணும்" என்றார்.

வண்டி இன்னும் கொஞ்சம் வந்தது. பம்பர் நாற்காலியின் முதுகைத் தொட்டு, கிறீச்சென்று டிவியைப் பார்க்கத் தள்ளியது. ஆர்டிஸ் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் இழுக்க, பின்னால் கதவு இறங்கித் தரையைத் தொடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தெருவோடு லாரி போயிற்று. உப்புக் கற்கள் சரசரவென்று வாசலில் சிதறின.

"வெண்டல்" என்று ஓட்டை வழியாக ஆர்டிஸ் குரல் வந்தது. "பத்து மணின்னா ஒன்பதே முக்காலுக்கெல்லாம் அங்க இருக்கணும். என் சின்னக் கார்லயே போலாம். நீ ஓட்டு."

"சரி" என்றார். போய் நாற்காலியில் உட்கார்ந்தார். எஞ்சின் அணைந்திருந்தது. அதன் சூடு மெல்ல வந்து பின்கழுத்தில் பட்டது.